பின் கேட்டைப் பூட்டின வாரம்

ஆகஸ்ட் 4, திங்கள்

வெயில். கம்பெனிப் பக்கக் காத்து, அதே ரப்பர் வாடை.

தண்டனை: எங்க ரோட்டுப் பழைய குடித்தனக்காரங்களோட ஞாபகங்களை எழுதி வாங்கணும். குற்றம்: போர்டுல ‘இது தனியார் சாலை’ங்கிறதுல ஒரு ‘ர்’ சுரண்டி எடுத்தது. இப்ப ‘இது தனியா சாலை’. யாரும் சிரிக்கல. குடியிருப்போர் சங்கச் செயலாளர் பாஸ்கர் அங்கிள் அம்மாகிட்ட வந்து, “பொண்ணுக்கு நேரம் நிறைய இருக்கு போல”ன்னார்.

எதுக்கு ஞாபகம்: பின்னாடி தெருக்காரங்க மனு குடுத்திருக்காங்க, எங்க ரோட்டைப் பொது வழி ஆக்கணும்னு. ரோட்டோட முன் முனை ஹைவே. பின் முனையில இரும்பு கேட், அதுக்கு அந்தாண்ட அவங்க தெரு. கேட் திறந்தேதான் கிடக்கும். கம்பெனி பஸ் பிடிக்க எங்க ரோடு வழியாத்தான் நடப்பாங்க. ஆனா வருஷத்துக்கு ஒரு நாள், ஆகஸ்ட் ரெண்டாவது ஞாயிறு, சங்கம் அதைப் பூட்டும். பூட்டினாத்தான் ரோடு நம்மளதுன்னு எந்தக் காலத்துலயோ ஒரு வக்கீல் சொன்னாராம். ‘ஒரு வருஷம்கூட விடாம பூட்டினோம்’னு எல்லாரும் கையெழுத்து போடணும்.

பவானி (என் க்ளாஸ், பின்னாடி தெரு): “இன்னாடி, ரோட்டுக்குப் பொறந்தநாளா?”

“பொறந்தநாள் இல்லடி, பூட்டுநாள்.”

வாங்க வேண்டியது: ரீஃபில். ஷாம்பு. பொறுமை.

ஆகஸ்ட் 6, புதன்

மூணு வீடு முடிஞ்சது.

4-ஆம் நம்பர் டீச்சர்: மனை வாங்கின புதுசுல நரி ஊளையிடும். கம்பெனிப் புகையால, கொடியில போட்ட வெள்ளைத் துணியைக் கறுப்பா எடுக்கணும். “பூட்டாத வருஷமே கிடையாது, எழுதிக்கோ.”

9-ஆம் நம்பர்: அதே நரி. அதே துணி. அதே வரி. காப்பி அடிச்சா ஸ்கூல்ல வெளிய நிக்க வைப்பாங்க.

7-ஆம் நம்பர் நாயுடு தாத்தா, சங்கத்தோட பேச்சுவார்த்தை இல்லாதவர்: “இது பின்னாடி தெருக்காரங்க வயலுக்குப் போற மாட்டு வண்டிப் பாதை பாப்பா. ரெண்டு பக்கமும் நாம ஊடு கட்டிக்கினு நடுவுல போர்டு நட்டோம்.”

பாஸ்கர் அங்கிள் படிச்சுட்டுச் சிவப்புப் பேனாவால அடிச்சார். “இது ஞாபகம் இல்லம்மா. வாய்க்கொழுப்பு.”

வெள்ளம் வந்த வருஷம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. ஃப்ரிட்ஜ் மிதந்தது, பாம்பு வந்தது, எல்லாம். கேட் மட்டும் யாருக்கும் ஞாபகம் இல்ல. எனக்கு இருக்கு. அப்ப ஆறு வயசு. பின்னாடி தெரு ஆளுங்க கேட்டைக் கழட்டி, அடியில நாலு காலி நீல ட்ரம் கட்டி, எங்களை அதுல ஏத்தி ஹைவே வரைக்கும் தள்ளிக்கினு போனாங்க. பக்கத்துல பாஸ்கர் அங்கிளோட அம்மா, படுத்தபடி. முன் மூலையைப் பிடிச்சு நெஞ்சளவு தண்ணியில நடந்தது பவானியோட அம்மா, லலிதாம்மா. போன கேட் போனதுதான். அடுத்த வருஷ தீபாவளிக்குத்தான் புதுசு மாட்டினாங்க. நடுவுல ஒரு ஆகஸ்ட் வந்துச்சே. இல்லாத கேட்டை எப்படிப் பூட்டினாங்களாம்?

அங்கிள்கிட்ட கேட்டேன். “ஆறு வயசுப் புள்ள ஞாபகம் செல்லாதும்மா.”

அம்மாகிட்ட கேட்டேன். “எழுதாத. நாம இங்கதான் இருந்தாகணும்.” சொல்லிட்டு சங்கம் குடுத்த தாள்ல கையெழுத்து போட்டுட்டா.

ஆகஸ்ட் 9, சனி

மேகம் மட்டும், மழை இல்ல.

மதியம், ரோடே தூக்கம். பூட்டு சங்க ரூம் ஆணியில தொங்குது. சாவி ஓட்டையில ஒரு ட்யூப் சூப்பர் க்ளூ, முழுசா. நாளைக்கு வக்கீல் ஃபோட்டோ எடுக்க வர்றார். பூட்டுக்கே வாய்ப்பூட்டு.

பவானிகிட்டகூட சொல்லல.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எனக்கு மூளை இல்ல.

அது சாவியே இல்லாம அமுக்கினாலே பூட்டிக்கிற பூட்டு. பாஸ்கர் அங்கிள் அமுக்கினார். க்ளிக். வக்கீல் ஃபோட்டோ. எல்லாருக்கும் காபி.

சாயங்காலம் திறக்கப் போனா சாவி இறங்கல. டீச்சர்: “ஆள் கூப்பிட்டு அறுத்துடலாமே?” அங்கிள்: “எதுக்கு? நமக்கு முன்பக்கம் இருக்கே. மனு முடியட்டும்.” கூட்டத்துல யாரோ: “பூட்டுக்கே புத்தி வந்துருச்சு.” சிரிப்பு. நான் ஜோக் சொன்னா சிரிக்காத ஆளுங்க.

ஆகஸ்ட் 11, திங்கள்

தூறல்.

லலிதாம்மா காலைல அஞ்சரைக்குக் கேட் வரைக்கும் வந்து, பார்த்து, திரும்பி, எளாவூர் செக்போஸ்ட்டுக்குப் போற லாரிங்களுக்கு நடுவுல ஹைவே ஓரமா சுத்திப் போயிருக்காங்க. பஸ் போயிருச்சு.

பவானி வேற பெஞ்ச். மதியம் போய் சொல்லிட்டேன், க்ளூ ஊத்தினது நான்தான்னு.

“வேணும்னே பண்ணியா?”

“இல்லடி. அவங்க பூட்டக் கூடாதுன்னுதான்.”

“நீ பூட்டினியா அவங்க பூட்டினாங்களான்னு எங்கம்மா காலு கேக்காதுடி.”

சாயங்காலம் பாஸ்கர் அங்கிள் வீடு. நான்தான் செஞ்சேன், பூட்டை உடைச்சிடுங்கன்னேன். திட்டுவார்னு நினைச்சேன். உள்ள பார்த்து, “புள்ளைக்கு மிக்சர் எடுத்துட்டு வா”ன்னார். “சங்கச் சொத்தை ஏம்மா உடைக்கணும்? விடு. நல்லதாத்தான் முடிஞ்சிருக்கு.”

மிக்சரைச் சாப்பிட்டுட்டு வந்தேன். அதுதான் அசிங்கம்.

ஆகஸ்ட் 13, புதன்

ஸ்கூல் முடிஞ்சு, ஹைவே சுத்தி, பின்னாடி தெரு. இருபத்தஞ்சு நிமிஷம். ஒரு லாரிக்காரன் ஹார்ன்ல காது போச்சு. லலிதாம்மா இதை இருட்டோட நடக்கிறாங்க.

ஒரு தாள் எழுதி எடுத்துட்டுப் போனேன். வெள்ளம், கேட், ட்ரம், யார் யார் ஏறினோம், அந்த ஆகஸ்ட்ல கேட்டே இல்லைங்கிறது. மனுவோட வைக்கச் சொன்னேன்.

லலிதாம்மா விரல் வெச்சுப் படிச்சாங்க. “சரியாத்தான் எழுதிக்கிற. ட்ரம்மு நாலு இல்ல, ஆறு.” தாளைத் திருப்பிப் பார்த்தாங்க. “பேர் எங்க?”

“பேர் வேணாம்மா. ‘ஒரு குடியிருப்பாளர்’னு...”

“மொட்டைக் கடுதாசியா? அவங்க பேர் போட்டுப் பொய் சொல்லிக்கினு கீறாங்க. நீ பேரே போடாம நெசம் சொன்னா எவன் நம்புவான்?”

தாள் என் பக்கம் வந்துச்சு. பவானி பேனா நீட்டினா, மூஞ்சைப் பார்க்காம.

இதுவரைக்கும் நான் செஞ்ச எதுலயும் பேர் போட்டதில்ல. போர்டுல இல்ல, பூட்டுல இல்ல. போட்டேன். என் பேர், அப்பா பேர், கதவு எண் 11.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன். அடுப்பை அணைச்சா. “அப்பா வர்ற வரைக்கும் வெளிய நில்லு.”

வெளிய நின்னுதான் எழுதறேன். எதிர்ல டீச்சர் என்னைப் பார்த்துட்டு ஜன்னல் சாத்தறாங்க. அதுக்குள்ள தெரிஞ்சிருச்சு.