உள்பக்கக் கைப்பிடி

லம்பா லைன்,
போர்ட் பிளேர்.
ஞாயிறு காலை.

அன்புள்ள உமாவுக்கு,

நீயும் மாமாவும் நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை. இருந்தாலும் கேட்கிறேன். நீ என் போனை எடுப்பதில்லை, நியாயம்தான். போனை வைத்துக்கொண்டு நான் போட்ட ஆட்டம் போதும் என்றுதான் பேப்பரில் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

ஹட் பே வயரிங் வேலையை அப்படியே விட்டுவிட்டு அடுத்த கப்பலில் திரும்பினேன். அதற்குள் நீ உன் அப்பாவை அழைத்துக்கொண்டு மெயின்லேண்டுக்குப் போய்விட்டாய். இங்கே மழை விடவில்லை. உன் கறிவேப்பிலைச் செடி பிழைத்துக்கொண்டது. நீ எப்போது வருவாய் என்று உன் ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லி நழுவிவிட்டேன்.

மறதியில் மாமா ஏர்போர்ட் ரோட்டில் பஸ்களுக்கு நடுவே போய் நின்ற பிறகு, நீ பள்ளியில் இருக்கும் நேரம் கதவைப் பூட்டுவோம் என்று இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். ஆனால் வைஃபை பூட்டு என் ஆசை. எங்கிருந்தாலும் போனிலேயே திறப்பேன், மூடுவேன் என்று தெருவுக்கே செய்து காட்டினேன். பக்கத்து வீட்டுச் சொர்ணம்மா அக்காவிடம் ஒரு சாவி இருக்கட்டும் என்று நீ சொன்னாய், நான் கேட்கவில்லை. மாமாவுக்கு ரசம் கொண்டுவரும் அக்காவை வாசலில் நிற்க வைத்து, சைட்டிலிருந்து போனைத் தட்டித் திறந்துவிட்டேன். ஆளை நம்பாமல் போனை நம்புகிறாயே தம்பி என்று அக்கா ஒருநாள் கேட்டார். நான் சிரித்தேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. பூட்டின் உள்பக்கக் கைப்பிடி லூசாகிவிட்டது, சரிசெய்கிறேன் என்று சொன்னேன் அல்லவா? லூசாகவில்லை. மாமா அதைத் திருகித் திறந்துவிடுகிறார் என்று நானேதான் கழற்றினேன்.

வேலைக்காக ஹட் பேக்குப் போன அன்று கப்பல் டெக்கில் பக்கத்தில் நின்றவரிடம் போனைக் காட்டினேன். பூட்டுப் படம் பச்சையாக இருக்கிறது பாருங்கள், வீடு பத்திரம் என்றேன். கடலில் நெட்வொர்க் இல்லை, அது பழைய செய்தி என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த நேரத்தில்தான் இங்கே நிலம் ஆடியிருக்கிறது. கரண்ட் போய், வைஃபை பெட்டி அணைந்து, நீ பள்ளியிலிருந்து ஓடிவந்து போனை எவ்வளவு அழுத்தியும் கதவு அசையவில்லை. இரண்டு சாவியும் என் பையில் இருந்தன.

மாமாவுக்குக் காலையில் சாப்பிட்டது மறந்துபோகும். நீங்கள் ஹட் பேயில் இருந்தபோது சுனாமி வந்தது மறக்காது. "பானி ஆ ரஹா ஹை, பாகோ, மேலே ஓடுங்க" என்று தண்ணீருக்குப் பயந்து தெருவுக்கே கத்தினாராம். கத்திக்கொண்டே ஜன்னல் கண்ணாடியை வெறுங்கையால் உடைத்தாராம். சொர்ணம்மா அக்கா சொல்லும்போதே அழுதுவிட்டார். அன்றைக்கு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடிய மனிதரை, நான் ஓட வழியில்லாமல் அடைத்து வைத்துவிட்டேன்.

தெரு ஆட்கள் கடப்பாரையால் கதவைப் பெயர்த்து அவரை வெளியே கொண்டுவந்த பிறகும், ஹட் பே ஜெட்டியில் கப்பலைவிட்டு இறங்கியபோது என் போனில் அதே பச்சைப் பூட்டுதான். அப்போதுதான் நீ கூப்பிட்டாய். நான் மாமாவைப் பற்றிக் கேட்கவில்லை. நெட் இருந்ததா, சரியாக அழுத்தினாயா என்று கேட்டேன்.

இப்போது புதுக் கதவு போட்டிருக்கிறது. சாதாரணப் பூட்டு, உள்ளேயிருந்தும் திறக்கலாம். லைட்டும் மோட்டாரும் இன்னும் போனில்தான். அவை நின்றால் இருட்டில் உட்கார்ந்துகொள்ளலாம். ஒரு மனிதர் வெளியே வரும் வழியை இனி போனிடம் விடமாட்டேன். நீ பள்ளியிலிருந்து வரும்வரை அக்கா மாமாவோடு இருப்பதாகச் சொல்கிறார். சாவியைக் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டார்.

நேற்று உன் தங்கை பிரியங்காவிடம் பேசினேன். தினமும் காலையில் மாமா கையிலுள்ள கட்டைப் பார்த்து, இது எப்படி ஆனது என்று கேட்கிறாராம். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது அப்பா என்று நீ சொல்கிறாயாம். அப்படியா, மாப்பிள்ளை வரட்டும், சரிசெய்துவிடுவார் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கிறாராம்.

இன்னமும் என் மானத்தை நீ காப்பாற்றுகிறாய். வேண்டாம். கதவு தானாகப் பூட்டிக்கொள்ளவில்லை. நாளைக்குக் கேட்டால் என் பெயரைச் சொல். மறந்துபோய் மறுநாளும் கேட்பார், மறுநாளும் சொல். இல்லையென்றால் வா என்று ஒரு வார்த்தை எழுது. தினமும் காலையில் அவர் கேட்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நானே சொல்கிறேன்.

அவர் கையில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.

உன் ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கும்,
நந்தகுமார்