பளபளத்த கியர்பாக்ஸ்

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். நீயும் பாப்பாவும் எப்படி? மாமாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

போன வாரம் ஒரு கூத்து. பழைய கார் பாகங்களை எல்லை தாண்டி லாரியில் கொண்டுவந்தேன். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் ஒரு கியர்பாக்ஸை, நீ குக்கர் தேய்ப்பதுபோல் தேய் தேய் என்று தேய்த்திருந்தேன். அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, “இது புதுசு. பழசுன்னு சொல்லி வரியை ஏமாத்துறியா?” என்று லாரியை ஓரங்கட்டிவிட்டார்.

“சத்தியமா பழசு சார், நான்தான் தேய்ச்சேன்” என்று மூடியைக் கழற்றி உள்ளே விரலை விட்டுக் காட்டினேன். விரல் கரிக்கட்டையாக வெளியே வந்தது.

“எங்க வீட்டுப் பாத்திரத்தையும் தேய்ச்சுக் குடுத்துட்டுப் போ” என்று சிரித்தபடி அனுப்பிவிட்டார்.

முதலாளிக்கும் ஒரே சிரிப்பு. “இனிமே எல்லை லோடெல்லாம் உன் பொறுப்பு. குடும்பத்தைக் கூட்டிட்டு வர்ற வழியைப் பாரு” என்கிறார். பாப்பாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே, ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிடுவாள்.

இங்கே கிடைக்கும் துணியெல்லாம் முரடு. பாகங்களைத் துடைக்க உன் பழைய நூல் புடவை ஒன்று அனுப்பு.

லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார், முடிக்கிறேன். புடவையைத் துவைக்க வேண்டாம். கட்டியிருந்ததை அப்படியே மடித்து அனுப்பு.