பன்றிமேட்டில் பால் காய்ச்சுவது

அன்புள்ள மகளுக்கு,

சுவிண்டனில் வீடு வாங்கியிருக்கிறோம், பால் காய்ச்ச வாங்கோ அம்மா என்று எழுதியிருந்தாய். அந்தப் பேருக்கு என்ன அர்த்தம் என்று ஆரிட்டையாவது கேட்டனியோ? உன்ரை அண்ணன்ரை மகள் தாரணி போனில் தேடி வாசித்துக் காட்டினாள். பன்றிமேடாம். ஆரும் கேட்டால் எந்த முகத்தோடை சொல்லுறது? நான் படித்தது ஐந்தாம் வகுப்புத்தான். ஆனாலும் இருபத்தெட்டு வருசமாக லா சப்பலில் இருக்கிறேன். அதுக்குப் பிரெஞ்சில் கோயில் என்று அர்த்தம்.

உலகத்தை ஆண்ட வெள்ளைக்காரன் ஊருக்குப் பேர் வைத்த வடிவைப் பார். ஒக்ஸ்போர்ட் என்றால் மாடு ஆறு கடக்கிற இடமாம். பெரிய படிப்பெல்லாம் அங்கைதான்.

"அப்பம்மா, நீங்கள் நேர்த்தி வைக்கிறதே மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மனுக்குத்தானே?" என்று தாரணி சிரித்தாள். அது அம்மன், இது வெறும் மேடு என்று வாயை அடைத்துவிட்டேன்.

உன்ரை மாமியார் முதல் நாளே வந்து நிற்பா என்றும் எழுதியிருந்தாய். வந்து நிற்கட்டும். பால் பானையில் மட்டும் கை வைக்க விடாதே. வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு அண்ணன் டிக்கெட் எடுத்துவிட்டான். பன்றிமேடோ என்ன மேடோ, என்ரை பிள்ளையின்ரை அடுப்பை நான்தான் மூட்டுவேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெத்தவள்