சுண்ணாம்புக்குக் கீழே இருந்த வெடிப்பு

தோழரம்மா,

நேற்றுப் பிடித்த மழை இன்னும் விடவில்லை. மருமகள் பெட்டியைத் திறந்து, நீங்கள் விட்டுப்போன மஞ்சள் மழைக்கோட்டை எடுத்து உதறினாள். பழைய ரப்பர் வாசம் அறை முழுக்கப் பரவியது. நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள் என்று உங்கள் மகள் நார்வேயிலிருந்து போனில் சொல்லிச் சில மாதங்கள் ஆகின்றன. அன்றைக்கு வராத அழுகை இன்றைக்கு வந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

மொனராகலையில் கிணறு வெட்டும் திட்டத்துக்கு நார்வேயிலிருந்து வந்த இளம்பெண் நீங்கள். சனிக்கிழமையானால் பசறையில் பஸ் மாறி மடுல்சீமைக்கு ஏறி, மிச்ச வழியை நடந்தே எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வருவீர்கள். நான் அப்போது தோட்டத் தலைவர், தொழிற்சங்க வேலை பார்த்தவன். “மிஸ் வேணாம், தோழர்னு கூப்பிடுங்க” என்றீர்கள். “பொம்பளப் புள்ளைய எப்படிங்க மொட்டையா தோழர்னு கூப்பிடுறது?” என்று என் மனைவி மறுத்துவிட்டாள். தோழரம்மா என்பது அவள் வைத்த பெயர். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பேசும் தமிழை அவளிடம்தான் படித்தீர்கள். கூடவே அவளுடைய வாயையும்.

ஊருக்குத் திரும்பி வாத்தியாரம்மா ஆனீர்கள். பிறகு நகரசபை, பிறகு பாராளுமன்றம். தேர்தல் முடிந்தால் உங்களிடமிருந்து போன் வரும். “எங்க கட்சி சின்னது தோழர். ஒரு லயத்து ஆளுகதான்” என்பீர்கள்.

“அப்ப யாரு கங்காணி?” என்பேன்.

“ஆளுக்கு ஆள் கங்காணி. அதான் சண்டை.”

எங்கள் வீடு கீழ் லயத்தில் இருந்தது. பின்னால் பள்ளம். ஒவ்வொரு மழைக்கும் மண் கொஞ்சம் இறங்கும், சுவர் வெடிப்பு இன்னும் கொஞ்சம் விரியும். மேலே உறுதியான நிலத்தில் வீடு கொடுங்கள் என்று அதிகாரிகளிடம் கேட்டு அலுத்துப்போய் உங்களிடம் சொன்னேன். பழைய லயங்களைப் பழுதுபார்க்க உங்கள் நாடு உதவி செய்திருந்தது. வேலை நன்றாக முடிந்தது என்று அறிக்கையும் போயிருந்தது. உங்கள் கட்சி அப்போதுதான் அரசாங்கத்தில் சேர்ந்திருந்தது. “நானே வந்து பாக்குறேன்” என்றீர்கள்.

செய்தி வந்ததும் நாங்கள் செய்த காரியத்தை என்னவென்று சொல்வது. பெரிய ஆள் வந்தால் லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது எங்கள் வழக்கம். தோட்டத்துத் துரை சொல்லவில்லை, யாருமே சொல்லவில்லை. வீட்டுக்கு வருகிறவருக்கு ஓட்டைச் சுவரைக் காட்டுவதா என்று பெண்கள் களிமண் குழைத்து வெடிப்பை அடைத்தார்கள். ஆண்கள் அதன்மேல் சுண்ணாம்பு பூசினோம். வாசலில் வாழை கட்டி, நிறைகுடம் வைத்தோம். வெடிப்பைப் பார்க்க வாங்க என்று கூப்பிட்டவர்களே அதை மூடிவிட்டு, மாலையோடு காத்து நின்றோம்.

உங்களோடு வந்த அதிகாரி சுற்றிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தானே இருக்கு” என்றார்.

நீங்கள் என் பக்கம் திரும்பி, “தோழர், இதுவா அந்த வீடு?” என்று கேட்டீர்கள். சுவரைத் தடவிப் பார்த்தீர்கள். விரலில் ஈரம் ஒட்டியது. என் மனைவியிடம் போனீர்கள்.

“அக்கா, இது ஒங்க வீடு. நோண்டிப் பாக்கலாமா?”

“விருந்தாளி கை அழுக்காகக் கூடாது. நானே நோண்டுறேன்.”

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்து வந்து களிமண்ணைக் குடைந்து தள்ளினாள். வெடிப்பு வழியாக எதிர்மலை தெரிந்தது. “பாருங்கய்யா, காத்தும் நல்லா வரும்” என்று அதிகாரியிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

நீங்கள் திரும்பிப்போய்ப் பாராளுமன்றத்தில் அதை அப்படியே சொன்னீர்கள். நம் அரசாங்கம் நன்றாக முடிந்ததென்று சொன்ன வேலையை நாமே குறை சொல்வதா, பேசாமல் இருங்கள் என்று சொந்தக் கட்சிக்காரர்களே தடுத்தார்களாம். நீங்கள் கேட்கவில்லை. பழுதுபார்க்க வந்த உதவி வீடு கட்டும் உதவியாக மாறியது. கீழ் லயத்தில் பாதிக் குடும்பங்களுக்கு மேட்டு நிலத்தில் வீடு கிடைத்தது. அந்தப் பாதியில் நாங்களும் இருந்தோம். அடுத்த தேர்தலில் உங்கள் கட்சி உங்களை நிறுத்தவில்லை.

“எங்க சுவத்தால ஒங்க நாற்காலி போச்சே தோழரம்மா” என்றேன் போனில்.

“நாற்காலி அவங்க குடுத்தது. வாய் என்னோடது” என்று சிரித்தீர்கள். பிறகு, “மிச்சப் பாதிப் பேரு என்ன ஆனாங்க?” என்று கேட்டீர்கள்.

அதன்பிறகு எப்போது பேசினாலும், நோயில் உங்கள் குரல் மெலிந்துபோன நாட்களிலும், முதல் கேள்வி அதுதான். என் மனைவி இறந்தபோது மட்டும் கேட்கவில்லை.

மிச்சப் பாதி இன்னும் கீழேதான் இருக்கிறது. இப்போது கேட்க நீங்கள் இல்லாததால் அந்தக் கேள்வி என்னிடம் வந்துவிட்டது. அதைச் சுமந்துகொண்டுதான் பதுளையில் உள்ள அரசாங்க அலுவலகத்துக்குப் பஸ் ஏறுகிறேன். போன தடவை அடைமழை. அங்கிருந்த இளம் அதிகாரி, கோபமாக இல்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்: “ஐயா, ஒங்களுக்குத்தான் வீடு கெடைச்சிருச்சே. இந்த வயசுல, இந்த மழையில எதுக்கு அலையிறீங்க?”

“வீடு கெடைச்சதாலதாங்க வர முடியுது” என்றேன். “கீழ இருக்கிறவங்க மழைநாள்ல புள்ளைகள விட்டுட்டு எங்கயும் போக மாட்டாங்க.”