நான் குடியிருக்காத என் முதல் வீடு

பிப்ரவரி 4, ஞாயிறு

அம்மா வீட்டில் மதியச் சாப்பாடு. காட் மீனும் உருளைக்கிழங்கும். தம்பி டுவார்ட்டேயும் அவன் மனைவி சில்வானாவும் ஹாமில்டனிலேயே ஒரு வீடு பார்த்துவிட்டார்கள். ஜூனில் குழந்தை. அவன் சம்பளத்துக்கு மட்டும் வங்கி கடன் தராதாம். குடும்பத்தில் இன்னொருவர் கூட்டுச் சேர்ந்தால் தருமாம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஒரு கையெழுத்துதான் அக்கா. ஒரு காசு நீ கட்ட வேண்டாம்.”

மருத்துவமனையில் நிரந்தர வேலை, தனியாள். வேறு யாரைப் பார்ப்பார்கள்? சரி என்றேன்.

பிப்ரவரி 9

வக்கீல் அம்மாள் என்னைத்தான் முதலில் கேட்டார். “உங்க பேர்ல எப்பவாவது வீடு இருந்திருக்கா?”

இல்லை என்றேன்.

“பத்திரத்துல பேர் ஏறிட்டா இதுதான் உங்க முதல் வீடு. அப்புறம் உங்களுக்குன்னு வாங்கும்போது, முதல் வீடு வாங்குறவங்களுக்கு மாகாணம் பத்திர வரியில தர்ற சலுகை கிடைக்காது. இந்தக் கடனும் உங்க தலைமேல நிக்கும்.”

நான் ஒருநாளும் குடியிருக்கப் போகாத வீடு என் முதல் வீடு! டுவார்ட்டே கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தான். காரில் கேட்டேன், முன்னாடியே தெரியுமாடா?

“தெரியும். நீ வீடு வாங்கப் போறியா என்ன? ஒத்தையாளுக்கு எதுக்கு வீடு?”

பிப்ரவரி 10

எனக்கு எதுக்கு வீடா? முப்பத்தெட்டு வயசாச்சு. அடுத்தவன் சுவத்துல ஆணி அடிக்க அனுமதி கேட்டே பாதி ஆயுசு போச்சு. ஆறு வருஷமா சேர்த்துட்டு வர்றேன் — யாருக்கும் தெரியாது. சொன்னா சிரிப்பாங்கன்னுதான் சொல்லல. அது என் தப்பா?

பிப்ரவரி 11

வேலையில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன்.

பிப்ரவரி 13

முடியாது என்று சொல்லிவிட்டேன். நாளை தவக்காலம் தொடங்கிவிடும், அதற்குமுன் தின்று தீர்க்க அம்மா மலசாடா பணியாரம் பொரித்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“கூடப் பொறந்தவனுக்குச் செய்யாம யாருக்குடி செய்யப் போற? பூனைக்கா?”

என்னிடம் பூனைகூட இல்லை.

அப்பா சர்க்கரை தூவிய ஒரு மலசாடாவை என் பக்கம் தள்ளினார். சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

பிப்ரவரி 22

அப்பாவே கூட்டுச் சேருகிறார். அவருக்கு ஏற்கெனவே வீடு இருப்பதால் அவர் பங்குக்குச் சலுகை கிடையாது. டுவார்ட்டேயிடமிருந்து செய்தி: “உன்னால எங்களுக்கு நஷ்டம். ரொம்ப நன்றி அக்கா.”

பதில் எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன், அழித்தேன்.

மார்ச் 31

ஈஸ்டர். யாரும் கூப்பிடவில்லை.

மே 18

ஒரு படுக்கையறை, நான்காவது மாடி. சன்னலில் இரும்பாலைப் புகைபோக்கிகள். என் பெயர் ஒன்றே போதும் என்கிறது வங்கி. பத்திர வரிச் சலுகை உண்டு, வருமான வரியிலும் கழிவு உண்டு. வங்கியை விட்டு வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றேன். இதை யாரிடம் சொல்வது?

ஜூன் 22

பெண் குழந்தை. எங்கள் மருத்துவமனையில்தான். டுவார்ட்டே காபி வாங்கப் போன நேரம் பார்த்து உள்ளே நுழைந்தேன். சில்வானா மெதுவாகச் சொன்னாள்: “உங்க இடத்துல நான் இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன் அண்ணி. அவர்கிட்ட சொல்லிடாதீங்க.”

இப்ப சொல்றா! அன்னைக்கு அதே மேசையிலதானே உட்கார்ந்திருந்தா? ஆனால் கையில் குழந்தையைக் கொடுத்துவிட்டாள். குழந்தையை வைத்துக்கொண்டு எப்படிக் கத்துவது?

ஆகஸ்ட் 3

குடிவந்துவிட்டேன். அப்பா மட்டும் வந்தார். ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்த்தார். “தண்ணி நல்லா வேகமா வருது, ஒடீலியா.” அவ்வளவுதான் பாராட்டு.

கிளம்பும்போது வாசலில் நின்றார். “எங்ககிட்ட ஒரு சாவி இருக்கட்டுமே. உங்கம்மாதான் கேக்கச் சொன்னா.”

“அம்மாவே வந்து கேக்கட்டும்ப்பா.”

சிரித்தாரா, பெருமூச்சு விட்டாரா, தெரியவில்லை. லிஃப்ட் கதவு மூடிவிட்டது.

இரண்டு சாவி தந்திருந்தார்கள். இரண்டும் என் சாவி வளையத்திலேயே இருக்கின்றன.