சிறுத்துப்போன எழுத்து

மாமாவுக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. அம்மாவின் எழுத்து வரவரச் சிறுத்துக்கொண்டே போனபோது, கையெழுத்தில் குணம் பார்க்கும் நீங்கள், "பயந்த சுபாவம்க்கா, பெருசா எழுதிப் பழகு, சரியாயிடும்" என்றீர்கள். டாக்டரோ அது நடுக்குவாதத்தின் அறிகுறி என்கிறார்.

பட்டறைக்கு வரும் மோட்டாரின் வேகம் குறைந்திருந்தால் நான் பேரிங்கைக் கழற்றிப் பார்ப்பேன். மோட்டாருக்குக் கூச்சம் என்று சொல்ல மாட்டேன்.

மாத்திரையை நீட்டினால், "என் தம்பி சொல்லட்டும்டா, போட்டுக்கிறேன்" என்கிறாள். விரல் வலிக்க வலிக்கப் பெரிய பெரிய எழுத்தாக எழுதிக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் முகத்தில் விழிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். "நான் சொன்னது தப்புக்கா" என்று சொல்லி, உங்கள் கையாலேயே மாத்திரையைக் கொடுங்கள். நீங்கள் கிளம்பும்வரை நான் மாடியில் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகன்