தொட்டியில் கலந்த சாயம்

மார்ச் 4, செவ்வாய்

வழுக்கை சார் வேலை மாறிப் போய்விட்டார். நான் தூங்குவதில்லை என்று மனைவி என்னைத் தள்ளிக்கொண்டு போய்க் காட்டிய மனநல ஆலோசகர் அவர். நல்ல மனுஷன். நான் ஜோக் சொல்வேன், அவர் வயிறு குலுங்கச் சிரிப்பார், நேரம் முடிந்துவிடும். மாசக்கணக்கில் இப்படியே ஓட்டினோம். தூக்கம் மட்டும் வரவில்லை.

நாளை புது ஆள். பெண். பார்த்துக் கொடுத்தது மனைவியின் அக்கா. அங்கேதான் இடிக்கிறது. அக்காவுக்கு நான் வைத்த பெயர் ரேடியோ. காலையில் காதில் விழுந்தது மதியத்துக்குள் சொந்தக்காரர் வீடுகளிலெல்லாம் ஒலிபரப்பாகிவிடும். ரேடியோ வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில்தான் இந்தப் பெண்ணின் அறை. சேர்ந்து டீ குடிக்கிறார்களாம்.

மார்ச் 5, புதன்

இரண்டு நாற்காலி, ஒரு விளக்கு. டிஷ்யூ பெட்டியை என் பக்கமாக வைத்திருக்கிறார். அழ வைக்காமல் விடமாட்டார் போல. மூலைச் சுவரில் ஈரம். குழாய்க்காரன் புத்தி, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மகளைவிட நாலைந்து வயசு கூட இருந்தால் அதிகம். இன்று அவர்தான் நிறையப் பேசினார். வாரம் ஒருமுறை வர வேண்டும். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். ஒத்துவரவில்லை என்றால் வேறு ஆளிடம் அனுப்புவார், கோபித்துக்கொள்ள மாட்டார். அப்புறம் இது:

"நீங்க சொல்றது இந்த ரூமைத் தாண்டாது சார். உங்க உயிருக்கோ அடுத்தவங்க உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் வெளிய சொல்ல வேண்டி வரும். அப்பவும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான்."

அந்த 'மட்டும்' எனக்குப் பிடிக்கவில்லை. ஒழுகாத குழாய், மழை பெய்தால் மட்டும் ஒழுகும் என்றால் யார் வாங்குவார்கள்?

ஒரு ஜோக் சொன்னேன். சிரித்தார். சிரித்து முடித்து, "இதைச் சொல்றதுக்கு முன்னாடி மனசுல என்ன ஓடுச்சு?" என்றார். வழுக்கை சார் இப்படியெல்லாம் கேட்டதே இல்லை.

மார்ச் 6

நான் தரையடித் தண்ணீர்த் தொட்டிகளில் இறங்கி வேலை செய்து மாதங்கள் ஆகின்றன. முதுகுவலி என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். முதுகு நன்றாகத்தான் இருக்கிறது. காரணத்தை இங்கேகூட எழுதப் போவதில்லை. மனைவிக்குத் தெரிந்தால் என்னைக் குளியலறைக் கதவைத் தாழ் போடக்கூட விடமாட்டாள்.

மார்ச் 12, புதன்

இன்று வேலையைக் காட்டிவிட்டேன்.

எங்கே ஒழுகுகிறது என்று தெரியாத வீட்டில் நாங்கள் தொட்டியில் கொஞ்சம் சாயப்பொடி கலந்துவிடுவோம். எந்தச் சுவரில் நிறம் வருகிறதோ அங்கே ஓட்டை. அதே வைத்தியம்தான். "மேடம், வேலையை விட்டுட்டு வண்ணமீன் கடை வைக்கப் போறேன். வீட்டுக்குத் தெரியாம இடம் பாத்தாச்சு" என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னேன். பச்சைப் பொய். ரேடியோ காதில் இது விழுந்தால் அன்றைக்கே வீட்டில் இடி விழும்.

மார்ச் 14

இடி இல்லை.

மார்ச் 16

ரேடியோ வந்தாள். மூட்டுவலி, பக்கத்து வீட்டு நாய், மாப்பிள்ளை தொப்பை. மீனைப் பற்றி மூச்சு இல்லை. தந்திரமா? மனைவி என்னைப் பார்த்த பார்வையில் ஏதாவது இருந்ததா? நான் நேற்றுப் போட்ட சட்டையையே போட்டிருந்ததுதான் இருந்தது.

மார்ச் 19, புதன்



உட்கார்ந்ததும் மீன் கடை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டார். ஞாபகம் வைத்திருக்கிறார். நான் தொட்டி அளவு, காற்றுக் குமிழ் மோட்டார் என்று அளந்துகொண்டே போனேன். பொய்க்கு நமக்குக் குறைச்சலா? அவர் சும்மா கேட்டார், "ஏன் சார், மீன்?"

"அதுங்க மேல ஏறி வர வேண்டியதில்லையே மேடம்."

நான்தான் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. சாயம் என் வாய் வழியாகவே வந்துவிட்டது.

நான் பேசினேன். போன மழைக்காலம். ஒரு வீட்டுத் தொட்டிக்குள் வால்வு மாற்றி முடித்தேன். ஏணி பக்கத்திலேயே இருந்தது. ஏறத் தோன்றவில்லை. பயமில்லை, வலியில்லை. இங்கேயே இருந்துவிடலாம் என்று ஒரு நிம்மதி. வீட்டுக்காரர் மேலிருந்து டீ வேணுமா என்று கேட்டார், அதனால் ஏறினேன். ஒரு டீக்காகத்தான் இன்று இருக்கிறேன். அந்த நிம்மதியை நினைத்தால்தான் — அதுதான் பயமா இருக்கு. திரும்ப இறங்கினா ஏறுவேனான்னு எனக்கே தெரியல.

"உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா சார்?" நேராகவே கேட்டார். எப்போதாவது என்றேன். இன்றைக்கு இல்லை என்றேன். இன்னும் என்னென்னவோ பொறுமையாகக் கேட்டார். ஒரு டாக்டரையும் பார்க்கச் சொன்னார். அப்புறம் வந்தது அந்த 'மட்டும்'.

"வீட்ல ஒருத்தருக்கு இது தெரியணும். நீங்களே சொல்றீங்களா? நான் கூட இருக்கேன்."

எனக்குக் கோபம். தெரியும், எனக்கு அப்போதே தெரியும் என்று எழுந்து கதவு வரை போனேன். ஆனால் என்னிடம் சொல்லிவிட்டுத்தானே செய்கிறார்? முதல் நாளே சொன்னதுதானே? கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். நானே மனைவிக்குப் போன் போட்டேன்.

தையல் கடையிலிருந்து அப்படியே வந்தாள், கழுத்தில் அளவு நாடாவோடு. ஜோக் இல்லாமல் சொன்னேன். அவள் பெட்டியிலிருந்து ஒரு டிஷ்யூ எடுத்து என்னிடம் கொடுத்தாள். அது என் பக்கம் இருந்தது சரிதான்.

படியிறங்கும்போது மீன் கடைக் கதையையும் சொல்லிவிட்டேன். "பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா?" என்றாள். ரோட்டைத் தாண்டிய பிறகும் என் சட்டைக் கையை விடவில்லை.

மார்ச் 27

டாக்டர் கொடுத்த மாத்திரை. ஐந்து மணி நேரம் தூங்கினேன். வாய் மட்டும் கசக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

ரேடியோ வந்திருந்தாள். வந்தவள் நேரே விஷயத்துக்கு வந்தாள். "ஏண்டி, உன் வீட்டுக்காரர் தொட்டி வேலைக்கெல்லாம் ஆளை அனுப்புறாராமே? மாடிக்கு வேற ஒழுங்கா வந்துட்டுப் போறார். என்ன சங்கதி?"

அக்காவிடம் எதையும் மறைத்தால் சோறு இறங்காதவள் என் மனைவி. நான் உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தவே இல்லை.

"முதுகு, அக்கா. குனியக் கூடாதாம். தூக்கம் வராததுக்குத்தான் மாடிக்குப் போறார்."

நானும் வெளியே வந்து முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு முனகல் போட்டேன். கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது போல. மனைவி முறைத்தாள்.